ஒண்டு மேல நிக்குது

எங்கள் தீவில், சரவணையில், நான் பாவாடை சட்டையோடு திரிந்த காலத்தில் நாய்க்கு ஒப்பரேசன் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. மாட்டுக்குத்தான் அந்த வேலை நடந்தது. மாரி உழவு தொடங்க இன்னும் நாளிருக்கும்போது நாரந்தனைப் பக்கமிருந்து ஒரு அப்பு சைக்கிளில் வருவார். கரியரில் ஒரு சாக்கைச் சுற்றிக் கட்டியிருப்பார். அதற்குள் கயிறு, இரண்டு பூவரசந்தடி, ஒரு கொட்டன். அவரைப் படலையில் கண்டால் எங்கள் வளவில் துள்ளித் திரிந்த நாம்பன்களின் காலம் அன்றோடு முடிந்தது.

பொம்பிளைப் பிள்ளைகளை உள்ளே போகச் சொல்வார்கள். நான் குசினி யன்னலால் பார்ப்பேன். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, அப்பாவும் பெரியப்பாவும் கழுத்தை அமத்திப் பிடிக்க, அப்பு விதைக்கு மேலே ஓடுகிற நரம்பைத் தடிகளுக்கிடையில் இடுக்கிக் கொட்டனால் அடிப்பார். நலமடிக்கிறது என்பது அதுதான். மாடு எழுப்புகிற சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்கு ஏலாது. பிறகு மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி அவிழ்த்துவிடுவார்கள். பின்னாளில் அரசாங்கக் கால்நடைப் பகுதியினர் பேர்டிசோ என்ற பெரிய இரும்பு இடுக்கியோடு வந்தார்கள். தோல் கிழியாது, இரத்தம் வராது, நரம்பும் இரத்தக் குழாயும் உள்ளுக்குள்ளேயே நசிந்துவிடும். அப்புவின் கொட்டனுக்கு அதோடு வேலை இல்லாமல் போயிற்று.

அவர் அடித்த மாடுகள் எத்தனையோ. அடிக்காமல் விட்டுப்போன ஒரு நாம்பன்தான் இன்றைக்கும் நினைவில் நிற்கிறது. சாய்த்துக் கட்டியாயிற்று. அப்பு குந்தியிருந்து கையால் தடவினார். ஒருக்கால் தடவினார், கண்ணை மூடிக்கொண்டு திரும்பவும் தடவினார். எழும்பி, அப்பாவிடம் சொன்னார்:

“ஒண்டு மேல நிக்குது. இதை நான் அடிக்கமாட்டன்.”

“இருக்கிற ஒண்டை அடிச்சுவிடுங்கோவன் அப்பு.”

“ஒண்டை அடிச்சுவிட்டா எருதும் இல்லை, நாம்பனும் இல்லை. நாளைக்கு அது ஆரையும் இடிச்சா என்ர பேரைத்தான் சொல்லுவியள்.”

கட்டை அவிழ்க்கச் சொன்னார். தேத்தண்ணி குடித்தார். காசு வாங்காமல் போனார். அந்த நாம்பன் கடைசிவரை உழவுக்கு மசியவில்லை. ஒருநாள் யாருக்கோ விலைப்பட்டது. அப்புவுக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது என்று அம்மா சொல்லுவா.

நாய்களுக்கு அந்த நாளில் இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை. கடுவன் குட்டியை வளர்த்தார்கள். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டுபோய்ச் சந்தையடியிலோ கடற்கரையிலோ விட்டார்கள். கருத்தடை என்று யாரும் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் ஊர் செய்தது அதுதான், மிகக் கெட்ட முறையில். இன்றைக்கு “பாவம், அதின்ர இயற்கையைக் கெடுக்கக்கூடாது” என்று எனக்குப் புத்தி சொல்லுகிற வீடுகளிலேயே அந்தச் சாக்குகள் கட்டப்பட்டதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். போரால் வந்த 1990, 1991 இடப்பெயர்வுகளில் ஊரே எழும்பிப் போனபோது அவிழ்த்துவிடப்பட்ட நாய்கள் என்னவாயின என்பது வேறு கதை. திரும்பி வந்தபோது, கூரையில்லாத வீடுகளுக்குள் அவற்றின் பேரன் பூட்டன்மார் குடியிருந்தார்கள்.

ஜிம்மி அந்த வம்சம் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் மாடிவீடொன்றில் இருந்த என் பெறாமகள் கனடாவுக்குப் போக வெளிக்கிட்டபோது, 2022 தொடக்கத்தில், எங்களிடம் விட்டுப்போன சடைநாய்க் குட்டி. தாய் பொமரேனியன், தகப்பனைப் பற்றி ஆளுக்கொரு கதை. மண்ணிறத்தில், முழுக்க வளர்ந்த பிறகும் மூன்றரைக் கிலோவுக்கு மேல் போகாத உருப்படி. எங்கள் பேட்டுக்கோழி கொக்கரித்தால் கட்டிலுக்கடியில் ஒளிப்பான். படலைக்குள் நின்றுகொண்டு தெருவில் போகிற பஸ்ஸைக் கடிக்கப் பாய்வான்.

விசர்நாய்த் தடுப்பூசிக்காக அவனை எங்கள் தீவில் இருக்கிற அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அந்த ஊசியின் மதிப்பை எங்கள் தலைமுறைக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1973 இல் இந்த நாட்டில் விசர்நாய்க்கடியால் இறந்தவர்கள் 377 பேர். நாய்களுக்கு ஊசி போட்டுப் போட்டுத்தான் அந்தத் தொகையைச் சில பத்துகளுக்கு இறக்கினார்கள். 2006 இல் தெருநாய்களைக் கொல்லுவதை அரசாங்கம் நிறுத்திய பிறகு, மிஞ்சியிருக்கிற வழி தடுப்பூசியும் கருத்தடையும்தான்.

அங்கே இருந்த வைத்தியர் இளம்பிள்ளை. பேராதனையில் படித்துவிட்டு வந்தவ. இலங்கையில் மிருக வைத்தியம் படிக்க வேறு பல்கலைக்கழகம் இல்லை. ஊசியைப் போட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம், வெளியே ஆடுகளோடு சனம் காத்துநின்றது. அவ ஜிம்மியை மேசையில் மல்லாத்தி, வாயைப் பார்த்து, நெஞ்சுக்குக் குழாய் வைத்துக் கேட்டு, கடைசியில் பின்னங்கால்களுக்கிடையில் இரண்டு விரலை வைத்தா. முகத்தில் ஒரு மாற்றம். அடிவயிற்றிலிருந்து தொடையிடுக்கு வழியாகக் கீழ்நோக்கி விரலை மெல்ல வழுக்கிக்கொண்டு வந்தா. மற்றப் பக்கமும் அப்படியே.

“ரீச்சர், இவனுக்கு ஒண்டுதான் இறங்கியிருக்கு.”

எனக்குக் குசினி யன்னல் நினைவுக்கு வந்தது. “ஒண்டு மேல நிக்குதோ, டொக்டர் பிள்ளை?” என்று கேட்டேன். அவ சிரித்துவிட்டா.

ஆடுகளோடு வந்துநின்ற ஆம்பிளைகள் வேறு பக்கம் பார்த்தார்கள். ஒரு பொம்பிளை, அதுவும் பள்ளிக்கூடத்தில் தங்களுக்குத் தேவாரம் சொல்லித்தந்த பொம்பிளை, பத்துப் பேருக்கு முன்னால் விதையைப் பற்றிப் பேசுகிறா. ஆட்டுக்கிடாயை வாங்கும்போது குனிந்து பார்த்து, கையால் நிறுத்துப் பார்த்து விலை பேசுகிறவர்கள்தான். நாயென்றால் என்ன, அதற்கும் அதே உறுப்புத்தானே.

“இப்ப ஒண்டும் செய்யத் தேவையில்லை. சிலதுகளுக்குக் கொஞ்சம் பிந்தி இறங்கும். ஆறு மாதம் வரைக்கும் பொறுத்துப் பாப்பம்” என்று சொல்லி, அட்டையில் எழுதித் தந்தா.

பொறுத்தோம். நாடே பொருளாதார நெருக்கடியில் கிடந்த அந்த வருசம் பொறுக்கத்தான் வைத்தது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, ஆஸ்பத்திரிகளிலேயே மருந்தில்லை. ஆடியில் கியூஆர் அட்டை வந்து பெற்றோல் பங்கிட்டுக் கொடுத்த பிறகுதான் எங்கள் ஒழுங்கையால் ஓட்டோ ஓடத் தொடங்கியது. அதற்குள் ஜிம்மிக்கு ஆறு மாதம் கடந்துவிட்டது. விதை இறங்கவில்லை. காலைத் தூக்கி வேலிக் கதியால் முழுக்கப் பெய்யப் பழகிவிட்டான். பின்வளவுப் பெட்டைக்குப் பருவம் வந்தபோது வேலிப் பொட்டுக்குள்ளால் போய், தன்னைவிட மூன்று மடங்கு பெரிய கடுவன்களிடம் கடி வாங்கிக்கொண்டு வந்தான். காதில் ஒரு கிழியல் இன்றைக்கும் இருக்கிறது.

திரும்பவும் அதே அலுவலகம், அதே பிள்ளை. “இனி இறங்காது ரீச்சர்” என்றா. அன்றைக்குச் சனம் குறைவு. ஒரு துண்டின் பின்பக்கத்தில் பேனையால் கீறிக் காட்டினா. குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போது விதைகள் உருவாகிற இடம் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து வயிற்றுக்குள்ளால் பின்நோக்கி வந்து, தொடையிடுக்கில் இருக்கிற ஒரு சின்ன வழியால் வெளியேறிப் பைக்குள் இறங்கவேண்டும். ஒரு நாண் முன்னால் நின்று அதை வழிநடத்துகிறது. 18 ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த ஜோன் ஹன்ரர் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் அந்த நாணைக் கண்டு, படகின் சுக்கானைக் குறிக்கிற லத்தீன் பேரை அதற்கு வைத்தார். நாய்க்குட்டி பிறந்து பத்து நாளளவில் இந்தப் பயணம் முடிந்துவிடும். இரண்டு மாதத்தில் விரலுக்கு நிச்சயமாகத் தட்டுப்படவேண்டும். ஆறு மாதத்தோடு அந்த வழி இறுகிவிடும். வலப்பக்க விதைக்கு வரவேண்டிய தூரம் கூட, அதனால் வலது நின்றுபோவதுதான் அதிகம். ஜிம்மிக்கும் வலதுதான்.

“ஏன் பிள்ளை, உள்ளுக்க இருந்தால் என்ன? பாதுகாப்புத்தானே?”

“உள்ளுக்குச் சூடு கூட. நாயின்ர உடம்பு முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது பாகையில இருக்கும். அந்தச் சூட்டில விந்து உண்டாகாது. வெளியில தொங்கினாத்தான் குளிர்ச்சி.”

ஒரு கிழவர் ஆட்டுக் கயிற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப யானைக்கு?” என்றார் திடீரென்று. நல்ல கேள்வி. யானைக்கு இரண்டும் கடைசிவரை வயிற்றுக்குள், சிறுநீரகத்தடியிலேயேதான். அதற்கு அது இயற்கை. அந்தக் கிழவருக்கு அதற்குப் பிறகு ஆட்டின் வயிற்றோட்டம் மறந்தே போயிற்று.

பிள்ளை சொன்ன முக்கியமான விசயம் இதற்குப் பிறகுதான். உள்ளே நிற்கிற விதை விந்தை உண்டாக்காது. ஆனால் ஆண் ஓமோனைச் சுரந்துகொண்டே இருக்கும். வயது போகப் போக அதில் புற்றுநோய் வருகிற வாய்ப்பு, இறங்கிய விதையைவிடப் பத்து மடங்குக்குக் கிட்ட அதிகம். சில வேளை தன் காம்பில் தானே முறுகி, நாயை வலியில் துடிக்கவைக்கும். ஆகவே இரண்டையும் எடுக்கவேண்டும். உள்ளே இருப்பதை எடுக்க வயிற்றைத் திறந்து தேடவேண்டி வரலாம். அதற்கு ஸ்கானும் மயக்க மருந்தும் உதவிக்கு ஆளும் வேண்டும். “இஞ்ச வைச்சுச் செய்யேலாது ரீச்சர், ரவுணுக்குத்தான் போகவேணும்.”

எனக்கு இது புதிதாக இருக்கவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் உறவுக்காரர் வீட்டில் ஒரு வெள்ளைச் சடைநாய் இருந்தது. ஒன்பது, பத்து வயதில் அதற்கு இரண்டு விலாவிலும் மயிர் கொட்டத் தொடங்கியது. சொறியென்று நினைத்து மஞ்சளும் வேப்பிலையும் அவித்து வார்த்தார்கள்; அந்த எண்ணெய், இந்தப் பவுடர். சொறியுமில்லை, கடியுமில்லை, இரண்டு பக்கமும் ஒரே அளவில் மொட்டையானது. பிறகு முலைக்காம்புகள் தடித்தன. தெருவில் கொண்டுபோனால் மற்றக் கடுவன் நாய்கள் அதைப் பெட்டையென்று நினைத்துப் பின்னால் வந்தன. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் முரசு வெளிறி, எழும்ப ஏலாமல் படுத்த பிறகுதான் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வயிற்றுக்குள்ளே இறங்காமல் நின்ற விதை பெரிய கட்டியாகியிருந்தது. அது சுரந்த பெண் ஓமோன் எலும்பு மச்சையைக் கெடுத்து, இரத்தம் ஊறுவதையே நிறுத்திவிட்டது. பத்து வருசமாக அந்த வீட்டில் ஒருவரும் அந்த நாய்க்கு ஒரு விதைதான் இருக்கிறதென்று கவனிக்கவில்லை. சடை மறைத்துவிட்டது.

இதையெல்லாம் அத்தானுக்குச் சொன்னேன். சுருவிலில் இருக்கிற அவருக்கு வேறு யோசனை. அவருடைய சிநேகிதர் ஒருவரிடம் நல்ல பொமரேனியன் பெட்டை நின்றது.

“மச்சாள், அவசரப்படாதேயும். ஒருக்கா இணைச்சுவிட்டுப் பாப்பம். சடைக்குட்டி இப்ப என்ன விலை தெரியுமே? ஒண்டு இருந்தாலும் குட்டி வரும்.”

வரும்தான். இறங்கிய ஒரு விதையாலேயே குட்டி தாராளமாக வரும். தொல்லையே அதுதான். இந்தக் குறை வழிவழியாக இறங்குவது. கடுவன் குட்டிகளில் வெளியே தெரியும். பெட்டைக் குட்டிகள் ஒன்றும் தெரியாமல் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடும். பொமரேனியன், சிவாவா, யோர்க்சயர் ரெரியர் என்று விலைபோகிற சின்னச் சாதிகளில் இது மலிந்திருப்பதற்குக் காரணம், அத்தான் மாதிரி ஆட்கள் உலகம் முழுக்க இருப்பதுதான். இதை அவருடைய முகத்துக்கு நேரே சொன்னேன். ஒரு கிழமை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு புழுக்கொடியலோடு வந்தார்.

ஊசி போட்டு இறக்கலாம் என்று வேறொருவர் சொன்னார். அப்படி ஓமோன் ஊசி போட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. அது வேலை செய்யுமென்ற நம்பிக்கை வைத்தியர்களுக்கே இல்லை. வேலை செய்தாலும், பிறவிக் குறையை மறைத்து நாயை விற்கத்தான் உதவும்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் முதலில் போன இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். வைத்தியர் நல்ல மனிதர், அன்பாகத்தான் பேசினார். தடவிப் பார்த்தார். “வெளியில நிக்கிறதை எடுத்துவிடுவம் அம்மா. சின்ன வேலை, பின்னேரம் கொண்டுபோகலாம். உள்ளுக்க இருக்கிறது தானாச் சுருங்கிப் போயிடும். ஏன் வீணா வயித்தைக் கிழிப்பான்?” செலவும் பாதிக்குக் குறைவு.

உழைத்த சனத்துக்கு இந்தப் பேச்சு எவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியும். சின்ன வேலை, சின்னக் காசு. ஆனால் ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட இது மோசம். நல்லதை எடுத்துவிட்டுக் கெட்டதை உள்ளே வைத்துத் தைக்கிறார்கள். ஓமோன் ஓடிக்கொண்டேயிருக்கும், நாய் வேலி பாயும், கடிபடும், வீடெல்லாம் பெய்யும். குட்டி மட்டும் வராது. அதைவிடப் பெரிய ஆபத்து, பை வெறுமையாகிவிடும். அதற்குப் பிறகு நாயைப் பார்க்கிற எவரும், வேறு வைத்தியராக இருந்தாலும், இதற்கு நலமெடுத்தாயிற்று என்றே நினைப்பார். பத்தாவது வயதில் மயிர் கொட்டும்போது வயிற்றுக்குள் தேட ஒருவருக்கும் தோன்றாது. ஒரு விதையோடு விட்டால், குறை இருப்பதாவது கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்.

எழுத்து வாசிப்பறியாத அப்பு காசை வேண்டாமென்று விட்டுப்போன வேலையை, சுவரில் பட்டம் தொங்கவிட்டிருக்கிறவர் செய்யத் துணிகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. “யோசிச்சுச் சொல்லுறம் டொக்டர்” என்று ஜிம்மியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தீவுப் பிள்ளையே இன்னொரு வைத்தியரைத் தொலைபேசியில் பிடித்துத் தந்தா. மயக்க மருந்து வந்துசேர 2023 தை முடிந்துவிட்டது. முதல் நாள் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றில் மயிரை வழித்து, பசை பூசி, ஸ்கான் பிடித்தார்கள். திரையில் கறுப்பாகத் தெரிந்த வட்டம் சலப்பை. அதற்கு வலப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நீள்வட்டம். “ஆள் இஞ்ச ஒளிச்சிருக்கிறார்” என்றார் வைத்தியர். அதற்கு முதல் தடவிப் பார்த்தபோது தொடையிடுக்கில் அவருடைய கைக்குத் தட்டுப்பட்ட ஓர் உருண்டை வெறும் கொழுப்பு.

பெரிய நாய்களை விடிய விடியப் பட்டினி போடலாம். இந்த அளவு நாயை நெடுநேரம் பட்டினி போட்டால் சீனி இறங்கிவிடும் என்று, எத்தனை மணிவரை சோறு, எத்தனை மணிவரை தண்ணீர் என்று எழுதித் தந்தார். காலையில் ஓட்டோவில் வெளிக்கிட்டோம். வேலணை, அல்லைப்பிட்டி தாண்டிப் பண்ணைப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் காற்று. ஜிம்மி மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு வந்தான். பசியைத் தவிர அவனுக்கு ஒரு கவலையும் இல்லை.

கதவுக் கண்ணாடியால் பார்க்க விட்டார்கள். இந்த முறை யன்னலால் ஒளித்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. ஊசி போட்டதும் அவனுடைய கண் திறந்தபடியே நிலைகுத்தியது; உதவிக்கு நின்ற தம்பி கண்ணுக்கு ஏதோ களிம்பு விட்டார், காயாமல் இருக்க. இரண்டு பக்கமும் துவாயில் சுற்றிய சுடுதண்ணிப் போத்தல்கள். மயக்கத்தில் சின்ன நாய்களின் உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடுமாம். பச்சைச் சீலை விரித்து, நடுவில் ஒரு சின்ன ஓட்டை மட்டும்.

இறங்கியிருந்ததை எடுத்தது சில நிமிட வேலை. மற்றதற்குத்தான் நேரம் சென்றது. கண்டபடி கொக்கி போட்டு இழுக்கிற வேலையல்ல இது. அப்படி இழுத்து, விதையென்று நினைத்துப் புரொஸ்ரேற் சுரப்பியையே அறுத்தெடுத்த சம்பவங்களை மிருக வைத்தியப் புத்தகங்களே எழுதிவைத்து எச்சரிக்கின்றன. இவர் சலப்பையை மெல்ல ஒருபக்கம் சரித்து, அதன் கழுத்தடியில் வந்துசேருகிற விந்துக்குழாயைக் கண்டுபிடித்து, அந்த நூலையே பிடித்துக்கொண்டு மறுமுனைவரை போனார். மறுமுனையில் விதை இருந்தது. இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி வெட்டினார்.

பிறகு உருக்குத் தட்டில் இரண்டையும் கொண்டுவந்து காட்டினார். இடது திரண்டு, இறுகி, வெளிர்நிறத்தில் இருந்தது. வலது புளியங்கொட்டையளவு, தட்டையாய், தொட்டால் நசிகிற பதத்தில். இத்தனை ஓட்டத்துக்கும் காரணம் அந்தச் சாமான். “ரெண்டும் எடுத்தாச்செண்டு அட்டையில எழுதித் தாங்கோ டொக்டர், எங்க இருந்ததெண்டும் எழுதுங்கோ” என்றேன். கேட்காவிட்டாலும் எழுதியிருப்பார் போலிருக்கிறது. திகதி, கையெழுத்து எல்லாம் போட்டுத் தந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கூத்து. காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் போடுகிற பிளாஸ்ரிக் கூம்பு ஜிம்மியின் அளவில் கடையில் இல்லை. எங்கள் ஓட்டோக்காரத் தம்பி சின்ன வாளியொன்றின் அடியை வெட்டி, விளிம்புக்குச் சைக்கிள் ரியூப்பைப் பிளந்து ஒட்டி, ஓட்டை போட்டு நாடா கோத்துத் தந்தார். அதோடு அவன் விறாந்தைத் தூணில் மோதினான், படலையில் மோதினான், தண்ணீர்ச் சட்டியை வாளிக்குள் கவிழ்த்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பேட்டுக்கோழி முதன்முதலாக அவனைக் கண்டு ஓடியது.

பார்க்க வந்த சனம் குறைவில்லை. “மனிசருக்கே மருந்தில்லாத காலத்தில நாய்க்கு ஒரு கிடாய் விலையைக் குடுத்து ஒப்பரேசனோ பிள்ளை?” என்று கேட்டா அயலட்டை ஆச்சி. நியாயமான கேள்வி. அதற்கு நான் தர்க்கம் பண்ணவில்லை. சடைநாய் வேண்டுமென்று கொண்டுவந்து மடியில் வைத்தால் அதன் செலவும் மடியில்தான் ஏறும் என்று மட்டும் சொன்னேன். “அவன்ர ஆம்பிளைத்தனம் போட்டுதே” என்று கவலைப்பட்டவர்கள் ஆம்பிளைகள். அவர்களுக்கு ஆச்சியே பதில் சொன்னா. அதை இங்கே எழுத ஏலாது.

தையல் பிரிக்கும்வரை, இரண்டு கிழமைக்குக் கிட்ட, ஓடவிடாமல் வைத்திருந்தோம். உடனே குணம் மாறிவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது என்று வைத்தியர் முதலே சொல்லியிருந்தார். உடம்பில் இருக்கிற ஓமோன் வடிய வாரங்கள் செல்லும், குழாயில் மிச்சமிருக்கிற விந்தால் கொஞ்சக் காலத்துக்குக் குட்டியும் தங்கலாம், பெட்டையிடம் விடாதேயுங்கோ என்று. வைகாசியளவில் வேலிப் பொட்டை மறந்துவிட்டான். சாப்பாடு மட்டும் கூடிவிட்டது, சோற்றைக் குறைக்கவேண்டியிருந்தது. பஸ்ஸைக் கடிக்கப் பாய்வது குறையவேயில்லை. அதற்கும் விதைக்கும் சம்பந்தமில்லை என்று இப்போது தெரிகிறது.

சில மாதம் கழித்து ஒரு பின்னேரம், அன்றைக்கு அலுவலகத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவர், என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர், கையில் ஒரு குட்டியோடு படலையைத் திறந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். “ரீச்சர், இவனுக்கு ரெண்டும் இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோவன்.” பார்த்தேன். இரண்டும் இருந்தது. முகம் மலர்ந்து போனார்.

ஆண் குட்டி வளர்க்கிறவர்களுக்கு, அதிலும் சடைநாய், மடிநாய் வளர்க்கிறவர்களுக்குச் சொல்லுகிறேன். இரண்டு மாதத்தில் தடவிப் பாருங்கள், தெரியாவிட்டால் தடுப்பூசி போடும்போது வைத்தியரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்திலும் ஒன்றுதான் என்றால் இணைக்க விடாதீர்கள். கருத்தடை முகாமுக்குக் கொண்டுபோனால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரே நாளில் பல நாய்களைப் பார்க்கிற இடத்தில் வயிற்றுக்குள் தேட நேரம் இராது. வெளியில் இருப்பதை மட்டும் எடுத்துவிடுவோம் என்று யாராவது சொன்னால், நாயைத் தூக்கிக்கொண்டு எழும்பி வாருங்கள். இரண்டையும் எடுத்து, எடுத்ததை அட்டையில் எழுதித் தருகிற வைத்தியர்கள் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறார்கள்.